நத்தைக்கு ஒரு கல்லறை: ஆட்டிசமும் 'எப்பப் பாரு அதையே' பேசும் பிள்ளைகளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு நத்தையோட கல்லறையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலம், 1940-கள். ஃபாரஸ்ட்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கு வெளியில ஒரு பண்ணை. பண்ணையோட ஒரு மூலையில குட்டிக் குட்டியா கல்லறை அடையாளங்கள் நட்டு வெச்சிருக்கு. உள்ள இருக்கறது செத்த பறவைகள், பூச்சிகள், நத்தைகள். ஒவ்வொண்ணுக்கும் முழுப்பேர் உண்டு. முதல்ல ஒரு மனுஷப் பேர், நடுவுல அது என்ன உயிரினம்னு, கடைசியில பண்ணைக்காரரோட குடும்பப் பேர். ஒரு நத்தையோட பேர் 'ஜான் நத்தை லூயிஸ்'. பிறந்த தேதி தெரியாது. இறந்த தேதின்னு போட்டிருக்கறது, அதை அந்தப் பையன் கண்டெடுத்த நாள்.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இனிஷியலோட அருமை தெரியும். ஒரு நத்தைக்கு இனிஷியல் கொடுத்து, குடும்பத்துல சேர்த்து, அடக்கம் பண்ணியிருக்கான் ஒரு பையன்.

அவன் பேர் டொனால்ட் டிரிப்லெட், பிறந்தது 1933-ல. மருத்துவ உலகத்துல ஆட்டிசம்னு டயக்னோசிஸ் வாங்கின முதல் ஆள்னு இவரைத்தான் சொல்லுவாங்க. அப்பா வக்கீல், அம்மா வீட்டுக்குச் சொந்தமா ஒரு பேங்க் இருந்துச்சு. பையனைப் பத்தி அப்பா 33 பக்கத்துல ஒரு கடிதம் எழுதி, பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில இருந்த லியோ கேனர்ங்கற டாக்டருக்கு அனுப்பினார். 1943-ல கேனர் 11 குழந்தைகளைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுல முதல் கேஸ் டொனால்ட்.

அந்தக் கட்டுரையில டாக்டர் என்ன கவனிக்கிறார்னு பாருங்க. கையில கிடைக்கிற பாத்திரத்தையெல்லாம் சுத்திவிடறது, எண்கள் மேல இருக்கற பைத்தியம், மனப்பாடமா ஒப்பிக்கிற நீளமான பட்டியல்கள். மனுஷங்களை விட்டுட்டு இதுலயே மூழ்கிக் கிடக்கறாங்கன்னு எழுதறார். கவனிப்பு துல்லியமானதுதான். ஆனா அந்தக் குழந்தைக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அது நோய்க்குறி வரிசையில போய் உக்காந்துடுச்சு. இன்னிக்கு வரைக்கும் டயக்னோசிஸ் கையேட்டுல அது அந்த வரிசையிலதான் இருக்கு: குறுகிய, மாறாத ஆர்வங்கள்.

ஒரு சின்ன சைடு டிராக். ஆட்டிசம்ங்கற வார்த்தை 'தன்'னு பொருள்படற ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம அரசு ஆவணங்கள்ல இதுக்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்'னு ஒரு தமிழாக்கம் புழங்குது. அதை முதல் தடவை படிச்சப்போ சிரிப்பும் கோவமும் சேர்ந்து வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆட்டிஸ்டிக் பையன் மயிலாப்பூர் வழியா போற எல்லா பஸ்ஸோட நிறுத்தத்தையும் வரிசையா சொல்லுவான். புற உலகத்தைப் பத்தி அவ்வளவு சிந்திக்கற ஆளை நான் பார்த்ததே இல்ல. அவனைப் பத்தி அப்புறம் வர்றேன்.

கேனர் மட்டும்தான் இதையெல்லாம் பார்த்தார்னு இல்ல. அவருக்கு முன்னாடியே, 1925-ல, குருன்யா சுகரேவாங்கற சோவியத் டாக்டர் ஆறு பையன்களைப் பத்தி இதே மாதிரி எழுதியிருந்தாங்க. வியன்னாவுல ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல எழுதினார். தனக்குப் பிடிச்ச விஷயத்தைப் பத்தி விரிவுரை நடத்தற பசங்களைக் குட்டிப் பேராசிரியர்கள்னு அவர் சொன்னது ரொம்பப் பிரபலம். ஆனா 2018-ல வெளியான ஆவண ஆய்வுகள், நாஜிகள் குழந்தைகளைக் கொன்ற ஒரு மையத்துக்கு அவர் சில குழந்தைகளை அனுப்பி வெச்சதைக் காட்டிச்சு. சில பேராசிரியர்களை மெச்சின அதே கைதான் வேற சில குழந்தைகளுக்கு அந்தக் கையெழுத்தையும் போட்டிருக்கு.

சரி, பண்ணைக்கு வருவோம்.

டொனால்டுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது பெத்தவங்க அவனை லூயிஸ் தம்பதியோட பண்ணையில தங்க வெச்சாங்க. அவங்க ரெண்டு பேரும் டாக்டர் இல்ல, டீச்சர் இல்ல. 1945-ல கேனர் நேர்ல போய்ப் பார்த்தார். பையனுக்கு எதை எடுத்தாலும் அளந்து பார்க்கற பழக்கம் இருந்துச்சு. அதுக்கு அவங்க ஒரு கிணறு தோண்டச் சொல்லி, எவ்வளவு ஆழம் வந்துச்சுன்னு அளந்து சொல்லச் சொல்லியிருக்காங்க. சோளக்கொல்லையில வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டே இருந்திருக்கான். அப்போ உழுதுகிட்டே எண்ணுன்னு சொல்லியிருக்காங்க. கேனர் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே குதிரையைக் கட்டி ஆறு நீள வரிசையை உழுது காட்டினான். செத்த பூச்சியைச் சேர்த்துக்கிட்டே இருந்ததால ஒரு மூலையை ஒதுக்கி, இது உன் மயானம், பேர்ப்பலகை எழுதி வைன்னுட்டாங்க. அதுலதான் ஜான் நத்தை லூயிஸ் வந்தார்.

இதுல எனக்குப் பிடிச்சது, அவங்க எதையும் பிடுங்கிக்கல, எதையும் திருத்தவும் இல்ல. எண்ணறதை நிறுத்துன்னு சொல்றதுக்குப் பதிலா, எண்ணறதுக்குப் பக்கத்துலயே ஒரு வேலையைக் கொண்டுவந்து வெச்சாங்க. அப்படியே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினாங்க. அந்தப் பள்ளிக்கூடமும் அவனோட வினோதங்களோட அவனை ஏத்துக்கிச்சு.

இதெல்லாம் நமக்குத் தெரியறதே கேனர் 1971-ல எழுதின இன்னொரு கட்டுரையால. 28 வருஷம் கழிச்சு, அந்த 11 பேரும் என்ன ஆனாங்கன்னு தேடிப் பார்த்து எழுதினது. டொனால்ட் காலேஜ் படிச்சு, பேங்க்ல வேலை பார்த்து, கோல்ஃப் ஆடிக்கிட்டு இருந்தார். ஆனா பெரிய அரசு மனநல விடுதிகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளோட கதை வேற. அங்க சேர்த்ததே ஆயுள் தண்டனை மாதிரி ஆயிடுச்சுங்கற அர்த்தத்துல கேனரே எழுதறார். ஒரு காலத்துல அவரை அசர வெச்ச நினைவாற்றல், பொருட்கள் மேல இருந்த பிடிப்பு எல்லாம் அங்க கரைஞ்சு போச்சு. அதாவது, நோய்க்குறின்னு எழுதினது மறைஞ்சுடுச்சு. அது கூடவே ஆளும் மங்கிப் போயாச்சு. இந்த எபிசோட் பண்ணணும்னு தோணினதே அந்த இடத்தைப் படிச்சதுக்கு அப்புறம்தான்.

அடுத்து 1967. அந்த ஒரே வருஷத்துல ரெண்டு புத்தகம் வருது. ஒண்ணு, சிகாகோவுல இருந்த புருனோ பெட்டல்ஹைமோட 'தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்'. பாசமில்லாத பெத்தவங்களாலதான், குறிப்பா அம்மாவாலதான் குழந்தைக்கு ஆட்டிசம் வருதுங்கற வாதத்தை உலகம் பூரா பரப்பின புத்தகம். அறிவியல் அதைத் தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சு. நம்ம ஊர் கல்யாண வீட்டுல அது இன்னும் சாகல: "நீ வேலைக்குப் போனதாலதாம்மா", "கைல போனைக் கொடுத்ததாலதான்". இன்னொரு புத்தகம், கிளாரா கிளெய்போர்ன் பார்க்ங்கற ஒரு அம்மா எழுதின 'தி சீஜ்'. அவங்க பொண்ணு ஜெஸ்ஸியைப் பத்தினது.

ஜெஸ்ஸி பிறந்தது 1958. அவளுக்கு ஹீட்டர் பிடிக்கும். மின்சாரப் போர்வையோட கன்ட்ரோல் பிடிக்கும், ரேடியோ டயல் பிடிக்கும். இதையெல்லாம் வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு நமக்குத் தோணும். அவ அதையே வரைய ஆரம்பிச்சா. ஹீட்டரை அத்தனை துல்லியமா, அத்தனை கலர்ல. அப்புறம் அது வீடுகளா மாறிச்சு, பாலங்களா மாறிச்சு. மேல இருக்கற ராத்திரி வானத்துல நட்சத்திரங்கள் சரியான இடத்துல இருக்கும், ஏன்னா வானியலும் அவளுக்குப் பிடிக்கும். பிற்காலத்துல ஜெசிகா பார்க்ங்கற பேர்ல அந்தப் படங்கள் கண்காட்சிகள்ல விற்பனைக்கு வந்துச்சு. அம்மா 2001-ல 'எக்ஸிட்டிங் நிர்வாணா'ன்னு ரெண்டாவது புத்தகம் எழுதினாங்க. படம் வரையறதால குணமாயிட்டாங்கற கதை அதுல கிடையாது. நடுத்தர வயசுலயும் ஜெஸ்ஸி ஆட்டிஸ்டிக்தான். வில்லியம்ஸ் கல்லூரியோட தபால் அறையில வேலை, வீட்டுக்கு வந்தா பெயின்டிங்.

இப்ப இந்த வரலாறு ரெண்டா பிரியற இடத்துக்கு வர்றோம். ஆர்வத்தை இரையா வைக்கறது ஒரு வழி. ஆர்வத்தை இடமா ஆக்கறது இன்னொரு வழி.

1960-கள்ல கலிபோர்னியாவுல ஐவர் லோவாஸ் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். சொன்னதைச் செஞ்சா தின்பண்டம். ஆரம்ப காலத்துல சில நடத்தைகளுக்கு மின்சார ஷாக்கும் இருந்துச்சு. இந்த வழியில வந்த ஆய்வாளர்கள் 1990-ல ஒண்ணு கண்டுபிடிச்சாங்க: தின்பண்டத்தை விட, குழந்தை எதுல மூழ்கியிருக்கோ அதையே பரிசா கொடுத்தா வேலை நல்லா நடக்குது. பஸ் பிடிக்குமா? பத்து கணக்கு போடு, அஞ்சு நிமிஷம் பஸ் வீடியோ பாரு. இன்னிக்கும் பல தெரபி சென்டர்கள்ல நடக்கறது இதுதான். இது வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. வேலை செய்யுது. ஆனா குழந்தைக்குப் பிடிச்ச ஒரே விஷயத்தோட சாவி இப்ப வேற ஒருத்தர் கையில போயிடுது.

1998-ல மேரி பேக்கரும் கோகல் தம்பதியும் வேற மாதிரி ஒண்ணு செஞ்சு பார்த்தாங்க. ஒரு குழந்தைக்கு அமெரிக்க வரைபடம்னா உயிர். அவங்க பள்ளிக்கூடத் தரையில பெரிய வரைபடம் போட்டு, அதுமேல ஓடிப்பிடிச்சு ஆடற ஒரு விளையாட்டை உருவாக்கினாங்க. மத்த பசங்களும் வந்து ஆடினாங்க. ரெண்டு மாசம் கழிச்சும் அந்தப் பழக்கம் நீடிச்சுது. வரைபடம் சம்பந்தமே இல்லாத விளையாட்டுகள்லயும் அந்தக் குழந்தைகள் மத்தவங்களோட சேர்றது கூடியிருந்துச்சு. சின்ன ஆய்வுதான், மூணே குழந்தைங்க. ஆனா 1990-ல பரிசா இருந்தது எட்டே வருஷத்துல விளையாட்டுத் திடலா ஆயிடுச்சு.

லெகோ கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். டேனியல் லெகாஃப்ங்கற உளவியலாளர். அவர் பேருக்கும் பொம்மைக்கும் சம்பந்தம் இல்ல, வெறும் தற்செயல். 1990-கள்ல ஹவாயில அவரோட கிளினிக். ஆளோட ஆள் பழகறதுல சிரமம் இருக்கற ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் லெகோ எடுத்துட்டு வந்திருக்காங்க. உள்ள அறையில சோஷியல் ஸ்கில்னு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் நடக்காதது, வெயிட்டிங் ரூம்ல தானா நடந்துக்கிட்டு இருக்கறதை அவர் கவனிச்சார். அதுலிருந்து ஒரு முறையை உருவாக்கி 2004-ல வெளியிட்டார். மூணு பேர், மூணு பொறுப்பு. இன்ஜினியர் கையில வரைபடம் இருக்கும், ஆனா அவர் கட்டக்கூடாது. சப்ளையர் துண்டைத் தேடிக் கொடுக்கணும். பில்டர் கட்டணும், ஆனா வரைபடத்தைப் பார்க்கக் கூடாது. பேசாம இருந்தா எதுவும் கட்ட முடியாது. ஒரு ஸ்பிரின்ட் பிளானிங்கை விட நல்லா டிசைன் பண்ணின மீட்டிங்னு என் ஆபீஸ்ல சொன்னேன், மேனேஜர் ரசிக்கல.

பின்னாடி இங்கிலாந்துப் பள்ளிகள்ல இதைப் பெரிய அளவுல சோதிச்சப்போ கிடைச்ச முன்னேற்றம் சின்னதாத்தான் இருந்துச்சு. இருக்குதான், ஆனா சின்னது. யூடியூப்ல வர்ற 'மிராக்கிள்' தலைப்பையெல்லாம் நம்பிடாதீங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இந்த டாபிக் எடுத்தாலே யாராவது கேப்பாங்க: ராமானுஜனுக்கு ஆட்டிசம் இருந்துச்சாமே? சில ஆய்வாளர்கள் அப்படி எழுதியிருக்காங்க. இறந்து நூறு வருஷத்துக்கு மேல ஆன ஒருத்தருக்கு டயக்னோசிஸ் எழுதற வேலைக்கு நான் வரல. அவரைச் சுத்தி இருந்தவங்க என்ன செஞ்சாங்கங்கறதுதான் இங்க முக்கியம்.

கணக்கைத் தவிர வேற எதையும் படிக்காததால கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு. சென்னைக்கு வந்து பச்சையப்பன்ல சேர்ந்தார், எஃப்.ஏ. பரீட்சையில திரும்பத் திரும்ப ஃபெயில். சிஸ்டத்தைப் பொறுத்தவரை கதை முடிஞ்சுது. ஆனா 1912 மார்ச்ல சென்னைத் துறைமுகத்துல 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க்கா சேர்ந்தப்போ, அங்க மேலதிகாரியா இருந்தவர் எஸ். நாராயண ஐயர். இவரும் கணக்குக்காரர், இந்தியக் கணிதச் சங்கத்துல பொறுப்புல இருந்தவர். ராத்திரியில திருவல்லிக்கேணி வீட்டுல ரெண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோட உக்காந்து கணக்குப் போடுவாங்க. அடுத்த வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம், டிகிரியே இல்லாத அவருக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்துச்சு. நிபந்தனை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்ன செஞ்சீங்கன்னு அறிக்கை கொடுக்கணும். அவ்வளவுதான். நாராயண ஐயரோட சிலேட்டும் லூயிஸ் வீட்டுச் சோளக்கொல்லையும் எனக்கு ஒரே மாதிரி தெரியுது.

அதே நகரத்துல ஆட்டிஸ்டிக் பிள்ளைகளுக்கு இடம் வர இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. 1985-ல பூனம் நடராஜன் ஆரம்பிச்ச அமைப்புதான் இன்னிக்குக் கோட்டூர்புரத்துல இருக்கற வித்யா சாகர். தொடக்கத்துல மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக வந்தது. 1989-ல நடனக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் 'ராசா' அமைப்பைத் தொடங்கி, ஆட்டம், பாட்டு, நாடகம் வழியா சிறப்புத் தேவை உள்ளவங்களோட வேலை செய்ய ஆரம்பிச்சாங்க. சட்டம் இன்னும் மெதுவா வந்துச்சு. 1995-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஏழு வகை இருந்துச்சு, ஆட்டிசம் அதுல இல்ல. 1999-ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல பேர் வந்துச்சு. 2016 சட்டத்துலதான் 21 வகைகள்ல ஒண்ணா முழுசா உள்ள வந்துச்சு. அதாவது, நான் காலேஜ் படிக்கற காலத்துலதான்.

சரி, பஸ் பையன். என் சித்தி பையன், மந்தைவெளில இருக்கான், பதினோரு வயசு. 29சி பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவுல எங்கெங்க நிக்கும், 5பி எதுக்கு தி.நகர்ல திரும்புது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. போன வருஷம் அவன் போய்க்கிட்டிருந்த ஒரு தெரபி சென்டர்ல, வீட்டுல இருக்கற பஸ் பொம்மை, பழைய டிக்கெட் எல்லாத்தையும் பூட்டி வெச்சுட்டு, சொன்ன வேலையை முடிச்சா பத்து நிமிஷம் கொடுங்கன்னு சொல்லிட்டாங்க. சித்தி அப்படியே செஞ்சாங்க. ரெண்டு வாரத்துல வேலையெல்லாம் முடிக்க ஆரம்பிச்சான். பேசறதை நிறுத்திட்டான். ஏன்னா அவன் பேசின பேச்சே பஸ்தான்.

பீரோவைத் திறந்தது சித்திதான். யாரும் சொல்லல. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில ஒரு விளையாட்டு உருவாச்சு. பிளாஸ்டிக் நாற்காலிகளை ரெண்டு வரிசையாப் போட்டா பஸ். டிக்கெட்டை அவனே வரைவான், ரூட் நம்பர், கட்டணம், நிறுத்தம் எல்லாம் போட்டு, கலர் பென்சில்ல. ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் கண்டக்டர், ஒருத்தர் செக்கிங். மத்தவங்க பயணிகள். கண்டக்டரா இருந்தா ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் எங்க போகணும்னு கேக்கணும், சில்லறை கொடுக்கணும், விசில் ஊதலைன்னா வண்டி நகராது. லெகாஃப் படிக்காமலே மந்தைவெளி மாடியில அவரோட மூணு பொறுப்பும் வந்துடுச்சு. ஃபிளாட் பசங்க நாலஞ்சு பேர் வர ஆரம்பிச்சாங்க. ஒரு பொண்ணு அடையாறுக்கு டிக்கெட் வாங்கிட்டு லஸ்லயே இறங்கறேன்னு அடம் பிடிச்சா. "அண்ணா, இவங்களுக்கு மீதி காசு தரலாமா?"ன்னு என்னைக் கேட்டான். அவன் என்கிட்ட கேட்ட கேள்விகள்ல பஸ் எப்ப வரும்ங்கறதைத் தாண்டின முதல் கேள்வி அது.

எல்லா ஞாயிறும் அப்படி இருக்காது. சில நாள் டிக்கெட்டை நம்பர் வாரியா அடுக்கிட்டே இருப்பான், யாரும் தொடக்கூடாது. அன்னிக்கு பசங்க போய் கிரிக்கெட் ஆடுவாங்க.

மெட்ரோ வேலையால லஸ், மந்தைவெளிப் பக்கம் ரோட்டை மாத்தி மாத்தித் திருப்பிவிட்டது அவனுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வழக்கமான வழியில பஸ் போகலைன்னா அழுகை. அப்புறம் அதையும் வரைய ஆரம்பிச்சான்: பழைய வழி நீலத்துல, புது வழி சிவப்புல, தேதி போட்டு. இப்ப ஃபிளாட்ல ரெண்டு மூணு மாமிகள் கபாலி கோயிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் போறாங்க.

இதையே ஒரு அருங்காட்சியகம் முறையா செஞ்சிருக்கு. நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகம் புரூக்ளின்ல, 1936-ல கட்டின, இப்ப ரயில் நிக்காத ஒரு சுரங்க ரயில் நிலையத்துக்குள்ள இருக்கு. அங்க 'சப்வே ஸ்லூத்ஸ்'னு ஒரு நிகழ்ச்சி. ரயில் பிடிச்ச ஆட்டிஸ்டிக் பசங்க பள்ளி முடிஞ்சு வந்து, பழைய ரயில் பெட்டிகளுக்குள்ள ஒண்ணா துப்பறியற விளையாட்டு ஆடுவாங்க. நம்ம ஐ.சி.எஃப்.-லயும் ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கு, தகவலுக்காகச் சொல்றேன்.

ஓவன் சஸ்கிண்டோட கதை வேற ரகம். மூணு வயசு வாக்குல பேச்சு நின்னு போச்சு. டிஸ்னி படங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பான். அவன் முணுமுணுக்கறது படத்து வசனம்னு குடும்பம் கண்டுபிடிச்சுது. பத்திரிகையாளரான அப்பா ரான், 'அலாதீன்' படத்துல வர்ற கிளியோட பொம்மையைக் கையில மாட்டிக்கிட்டு, அந்தக் கிளியோட குரல்ல பேசினப்போ பையன் பதில் பேசினான். பின்னாடி ஓவன் ஹீரோக்களை விட்டுட்டு, ஹீரோவோட கூட வர்ற துணைப் பாத்திரங்களை மட்டும் வரைஞ்சான், படிக்கற இடத்துல டிஸ்னி கிளப் நடத்தினான். 2014-ல 'லைஃப், அனிமேட்டட்' புத்தகம், 2016-ல அதே பேர்ல ஆவணப்படம்.

வசனத்தைத் திருப்பிச் சொல்றதை அர்த்தமில்லாத எதிரொலின்னுதான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பேரி பிரிசன்ட் மாதிரி ஆய்வாளர்கள் 1980-கள்லயே அதுல அர்த்தம் இருக்குன்னு காட்டினாங்க. நமக்கு இது புரியறது ரொம்ப ஈஸி. நம்ம வாட்ஸ்அப் குரூப் முழுக்க வடிவேலு வசனம்தானே ஓடுது? கோவம், வெட்கம், அப்ரைசல் ஏமாற்றம் எல்லாத்துக்கும் நம்மகிட்ட ஒரு வடிவேலு இருக்கார். நம்மளை யாரும் தெரபிக்கு அனுப்பல.

2005-ல டைனா மர்ரி, மைக் லெஸர், வென் லாசன் மூணு பேரும் இதுக்கு ஒரு விளக்கம் கொடுத்தாங்க. லாசன் ஆட்டிஸ்டிக், மர்ரிக்கும் பின்னாடி ஆட்டிசம்னு தெரிய வந்துச்சு. கவனம்ங்கறது அளவுள்ள ஒரு பொருள். சிலர் அதைப் பல இடத்துக்குப் பங்கு போடறாங்க, ஆட்டிஸ்டிக் ஆட்கள் ஒரே இடத்துல மொத்தமா ஊத்தறாங்க. ட்யூப்லைட்டும் டார்ச்சும் மாதிரின்னு வெச்சுக்கலாம். தமிழ்ல நாம கொண்டாடறது இதுக்கு நேர் எதிர்: அவதானம். ஒரே நேரத்துல எட்டு விஷயத்துல, நூறு விஷயத்துல கவனம் வைக்கறது. 1907-ல சென்னை விக்டோரியா ஹால்ல செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செஞ்சு காட்டினதை இன்னும் பெருமையா சொல்றோம். ஒண்ணே ஒண்ணுல நூறு பங்கு கவனம் வைக்கறவங்களுக்கு நம்மகிட்ட பட்டம் எதுவும் இல்ல.

ஆனா பட்டம் கொடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னும் நான் நினைக்கல. 2013-ல வந்த 'ஹரிதாஸ்' படம் ஞாபகம் இருக்கா? ஆட்டிஸ்டிக் பையனோட போலீஸ் அப்பா, அவனுக்குள்ள ஒரு ஓட்டக்காரனைக் கண்டுபிடிப்பார். அப்பா-மகன் காட்சிகள்ல நானும் அழுதேன். ஆனா அவன் ரேஸ்ல ஜெயிக்காம போயிருந்தா? பஸ் ரூட்டை மனப்பாடம் பண்ற பையனை டிவி ஷோவுல நிக்க வெச்சு, கேள்வி கேட்டு, கைதட்டறதும் ஒரு வகை இரைதான். மாடியில எங்களுக்குள்ள ஒரே ஒரு ரூல்: யாரும் அவனை டெஸ்ட் பண்ணக் கூடாது. "இவன்கிட்ட ஏதாவது ரூட் நம்பர் கேளுங்க மாமா"ன்னு விருந்தாளிகளுக்கு ஷோ காட்டறது கிடையாது.

சித்தப்பா வேற ஒண்ணு கேக்கறார். "அதெல்லாம் சரிடா, பஸ்ஸை வெச்சு இவனுக்கு நாளைக்கு என்ன வேலை கிடைக்கும்?" தப்பான கேள்வி இல்ல. இந்த எபிசோட்ல வந்தவங்களையே எடுத்துக்கோங்க. ஜெஸ்ஸிக்குச் சம்பளம் கொடுத்தது தபால் அறை. டொனால்ட் வேலை பார்த்தது குடும்பத்துக்குச் சொந்தமான பேங்க். காசும் ஊர் மரியாதையும் இருந்த வீட்டுப் பையன், 2023-ல 89 வயசுல இறக்கற வரைக்கும் அதே ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளா வாழ்ந்தார். மந்தைவெளியில ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சித்தப்பாகிட்ட அதையேதான் சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. அடுத்த ஞாயிறு மாடிக்கு வந்து, பின் சீட்ல உக்காந்து, தி.நகருக்கு ஒரு டிக்கெட் கேட்டார்.

அடுத்த எபிசோட்ல கோலத்துக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இருக்கற தொடர்பு. 1970-கள்ல தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில நடந்த கதை. அதுவரைக்கும் டாட்டா பை.